டூபிங்கனில் மாணவர் விடுதி, மென்சா, பேருந்து: படிக்க வருவோருக்கு ஒரு மதிப்பீடு

தென்மேற்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், நெக்கர் ஆற்றங்கரையில் அமைந்திருக்கும் டூபிங்கன், 1477இல் நிறுவப்பட்ட தன் பல்கலைக்கழகத்தைச் சுற்றியே வாழும் ஊர். ஊரின் மக்கள்தொகை சுமார் 90,000. பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களோ சுமார் 28,000 பேர். அண்மை ஆண்டுகளில் இயந்திரக் கற்றல், நரம்பியல் போன்ற முதுகலைப் படிப்புகளுக்காகத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கு வருவோர் உண்டு. அவர்களுக்கு இந்த ஊரில் உண்மையான தாங்குதலாக இருப்பவை மாணவர் சேவைக் கழகம் நடத்தும் விடுதிகளும், மென்சா எனப்படும் உணவகங்களும், ஊர்ப் பேருந்தும்தான். இந்த மூன்றையும் பயன்படுத்தியவன் என்ற முறையிலும், விடுதியிலும் தனியார் வீட்டிலும் மாறி மாறி இருந்தவன் என்ற முறையிலும் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலாண்டு மாணவருக்கு விடுதிதான் சரியான இடம், ஆனால் எந்த விடுதி என்பதைத் தொலைவை வைத்து அல்ல, ஏற்றத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

டூபிங்கனின் வரைபடத்தைப் பார்க்கும் எவருக்கும் எல்லாமே நடக்கிற தூரத்தில் இருப்பதாகத்தான் தோன்றும். ரயில் நிலையம் ஆற்றுக்குத் தெற்கே. பாலத்தைக் கடந்தால் பழைய நகரம். அங்கிருந்து வடகிழக்கே நீளும் வில்ஹெல்ம் வீதியில் பல்கலைக்கழகத்தின் பிரதானக் கட்டடமும் மத்திய நூலகமும் மொழித்துறைகளும். இவையெல்லாம் பள்ளத்தாக்கின் சமதளத்தில் இருப்பதால், மானிடவியல், சட்டம், மொழிகள் படிப்பவர்கள் ஆண்டு முழுவதும் கால்நடையாகவே காலத்தைக் கழித்துவிடலாம். அறிவியல் மாணவர்களின் நிலை வேறு. இயற்கை அறிவியல் துறைகள் இருக்கும் மோர்கன்ஸ்டெல்ல வளாகம், அதன் அருகிலுள்ள மேட்டு மருத்துவமனைகள், கணினியியல் துறையின் 'சாண்ட்' வளாகம், மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்கள் ஆகிய எல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து நூறு மீட்டரை ஒட்டிய உயரத்தில், தனித்தனி மேடுகளில் இருக்கின்றன. வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டராகத் தெரியும் வழி, முதுகில் மடிக்கணினியுடன் நவம்பர் மழையில் ஏறும்போது முற்றிலும் வேறொன்றாக இருக்கும். காலையில் எட்டேகால் மணிக்கே வகுப்புகள் தொடங்கும் படிப்புகள் உண்டு என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தக் காரணத்தால்தான், பலர் தொலைவு என்று ஒதுக்கும் வால்ட்ஹாய்சர் ஓஸ்ட் பகுதியின் அடுக்குமாடி விடுதிகளை அறிவியல் மாணவர்களுக்கு நான் பரிந்துரைக்கிறேன். ஊரின் வடக்கு மேட்டில், காட்டை ஒட்டி அமைந்த மாணவர் குடியிருப்பு அது. பழைய நகரத்தின் மரச்சட்ட வீடுகளையும் கல் பாவிய சந்துகளையும் மனதில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு, கான்கிரீட் கோபுரங்களாக நிற்கும் அந்தக் கட்டடங்கள் முதல் பார்வையில் ஏமாற்றம் தரும் என்பது உண்மைதான். ஆனால் மாக்ஸ் பிளாங்க் வளாகத்துக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். மோர்கன்ஸ்டெல்லவுக்கும் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறாமல், மேட்டின் மேலேயே செல்லும் சாலை இருக்கிறது. கடைக்குப் போக வர ஒரு முறை இறங்கி ஏறுவதும், வகுப்புக்காகத் தினமும் இறங்கி ஏறுவதும் ஒன்றல்ல. மாறாக, வில்ஹெல்ம் வீதியில் படிப்பவர் இந்த மேட்டில் அறை எடுத்தால், மாலையில் நூலகம் முடிந்து திரும்பும் ஒவ்வொரு நாளும் பேருந்து நேரத்துக்குக் கட்டுப்பட்டவராகிவிடுவார். அவர் பள்ளத்தாக்கிலுள்ள விடுதிகளுக்கே முன்னுரிமை கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும்.

விடுதி அறையின் பெரிய பலம் வாடகையின் எளிமை. ஜெர்மனியில் தனியார் வீட்டு விளம்பரத்தில் காணப்படும் 'குளிர் வாடகை' என்பது இடத்துக்கு மட்டுமான தொகை. வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை அகற்றல் முதலிய செலவுகள் அதன்மேல் சேரும். மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் அதற்கும் அப்பால். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்து மேலும் பணம் கேட்கும் கடிதம் வருவதும் உண்டு. விடுதியில் இந்தச் செலவுகளெல்லாம் ஒரே மாத வாடகைக்குள் அடங்கிவிடும். மாணவர் விசாவுக்காக முடக்கக் கணக்கில் ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ வைத்துவிட்டு, மாதம் 992 யூரோ மட்டும் எடுத்துச் செலவழிக்கும் ஒருவருக்கு, இந்த மாதம் எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே தெரிவது சிறிய வசதி அல்ல. டூபிங்கன் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017/18 குளிர்காலப் பருவத்திலிருந்து பருவத்துக்கு (செமஸ்டருக்கு) 1,500 யூரோ கல்விக் கட்டணம் வாங்குகிறது என்பதை நினைவில் கொண்டால், எதிர்பாராத செலவைத் தாங்கும் இடம் நம் மாணவர்களின் கணக்கில் எவ்வளவு குறைவு என்பது புரியும்.

குறை என்று சொன்னால், முதலாவது, இடம் போதாமை. அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்தில்தான் பெரும்பாலானோர் வருகிறார்கள். அறைகளோ விண்ணப்பங்களைவிடக் குறைவு. அனுமதிக் கடிதம் கிடைத்த அன்றே இணையவழியில் விண்ணப்பித்துவிடுவதே நல்லது. விசா கைக்கு வரட்டும் என்று காத்திருப்பவர்கள் பட்டியலின் அடியில் போய்ச் சேருகிறார்கள். இரண்டாவது, தங்கும் காலத்துக்கு வரம்பு உண்டு. படிப்பு நீண்டால் கடைசிக் கட்டத்தில் வேறு அறை தேட வேண்டி வரலாம். மூன்றாவது, பருவத்தின் நடுவில் விட்டுவிட்டுப் போவது எளிதல்ல. உள்ளகப் பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போகும் திட்டம் இருப்பவர்கள் ஒப்பந்தத்தில் அறையை விடுவதற்கான விதிகளையும், அறையை இடைக்காலத்துக்கு வேறொரு மாணவருக்குக் கொடுப்பதற்கான அனுமதி முறையையும் கையெழுத்துக்கு முன்பே படித்துக்கொள்ள வேண்டும்.

பொதுச் சமையலறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாணவர்களின் அன்றாட நிம்மதி பெரும்பாலும் அங்குதான் தீர்மானமாகிறது. ஒரு தளத்திலுள்ளவர்கள் எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் அந்தச் சமையலறையில், ஒவ்வொருவருக்கும் அலமாரியில் ஒரு தட்டும் குளிர்பதனப் பெட்டியில் ஓர் இடமும் இருக்கும். அடுப்பு மின்சாரத்தில் இயங்கும் கண்ணாடித் தட்டு அடுப்பு. எரிவாயு அடுப்பில் பழகிய கைக்கு இது முதலில் பிடிபடாது: சூடேற நேரமாகும், அணைத்த பிறகும் சூடு இறங்காது. எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்து முடிந்ததும் அடுப்பைக் குறைத்தால் போதாது. வாணலியையே தட்டிலிருந்து நகர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மிளகாய் கருகி, அந்த நெடி தளம் முழுவதும் பரவும். அதைவிட முக்கியமானது புகை எச்சரிக்கைக் கருவி. சமையலறையின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தாளித்தால், நடைவழியில் இருக்கும் கருவி ஒலிக்கத் தொடங்கலாம். அந்த அழைப்பு நேராகத் தீயணைப்புத் துறைக்குப் போகும்படி அமைந்த கட்டடங்களும் உண்டு. காரணமில்லாமல் வண்டி வந்து திரும்பினால் அதன் செலவைச் சம்பந்தப்பட்டவரிடமே கேட்கக்கூடும். எனவே கதவை மூடி, சன்னலை முழுதாகத் திறந்து, வாணலிக்கு மூடி போட்டுத் தாளிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். என் தளத்தில் இருந்த ஒரு தமிழ் மாணவி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே முறையாகக் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, வரமிளகாய் தாளித்துச் சிறு கண்ணாடிக் குப்பியில் எண்ணெயோடு சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்வார். வார நாட்களில் குழம்பிலோ தயிர்ச்சாதத்திலோ ஒரு கரண்டி சேர்த்துக் கலந்துவிடுவார். சில நாட்களுக்குள் தீர்ந்துபோகும் அளவுக்கே செய்தால், அது மிக நல்ல வழி.

குக்கர் கொண்டுவருகிறவர்கள் அடிப்பாகம் தட்டையாக உள்ள எவர்சில்வர் குக்கராகப் பார்த்துக் கொண்டுவரட்டும். வெறும் அலுமினியக் குக்கர் கண்ணாடித் தட்டில் வேலை செய்தாலும், காந்தத் தூண்டல் அடுப்புள்ள சமையலறைக்கு மாறினால் பயன்படாது. விசில் சத்தத்தைப் பற்றித் தளத்திலுள்ளவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவது மரியாதை. அதை இதற்கு முன் கேட்டிராதவர்கள் உண்மையிலேயே பயந்துபோகிறார்கள்.

தனியார் வீட்டுக்குப் போனவர்கள் மறக்கக் கூடாதவை வேறு. முன்பணமாக மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வீட்டைப் பார்க்காமலும் ஒப்பந்தம் இல்லாமலும் வெளிநாட்டிலிருந்தே பணம் அனுப்பச் சொல்பவரிடம் பேச்சைத் தொடரவே வேண்டாம். நான் இருந்த வீட்டில் சுவரின் மூலையில் பூஞ்சை பிடித்தது. அறைக்குள்ளேயே துணி உலர்த்தியதுதான் காரணம் என்று வீட்டுக்காரர் சொல்ல, வெளிச்சுவரின் ஈரம்தான் காரணம் என்று நான் சொல்ல, அந்த வாக்குவாதம் முன்பணத்தைத் திரும்பப் பெறும் நாள் வரை நீண்டது. குடிபுகுந்த நாளில் எடுத்த படங்கள் கையில் இருந்ததால்தான் பெரும்பகுதி திரும்பி வந்தது. அறையை விட்டுவிட்டு வெளியே போகும்போது சன்னலை லேசாகச் சாய்த்து வைப்பது போதாது. குளிர்காலத்திலும் நாளுக்குச் சில முறை வெப்பமூட்டியை அணைத்துவிட்டு, சன்னலை ஐந்து பத்து நிமிடம் அகலத் திறந்து காற்றை மாற்ற வேண்டும். இந்த ஊர் அடங்கிய ஸ்வாபியப் பகுதிக்கே உரிய 'கேர்வோக்க' என்ற வழக்கமும் இங்கே உயிரோடு இருக்கிறது: வாரம் ஒருவர் முறைவைத்து மாடிப்படியையும் பொது நடைவழியையும் பெருக்கிச் சுத்தம் செய்ய வேண்டும், முறை வந்திருப்பதைக் காட்டும் சிறு அட்டையைக் கதவில் மாட்டிவிட்டுப் போவார்கள். அண்டைவீட்டார் இதை மிகக் கண்டிப்பாகக் கவனிப்பார்கள். அந்த வாரம் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவரோடு முறையை மாற்றிக்கொள்ள வேண்டும், விட்டுவிடக் கூடாது.

விடுதியானாலும் வீடானாலும், குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிச்சான்று தேவை. சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பதிந்த சில வாரங்களில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். தொலைக்காட்சி இல்லையே என்று அதைக் குப்பையில் போட்டுவிட முடியாது. அது கருவிக்கான கட்டணமன்று, குடியிருப்புக்கானது, மாதம் 18.36 யூரோ. ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்பவர்களில் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதிவிடலாம்.

மென்சாவைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தைகளே அதிகம். மாணவர், பணியாளர், விருந்தினர் என்று மூன்று விலைகள். மாணவர் விலை வெளியில் எந்த உணவகத்திலும் கிடைக்காத அளவுக்குக் குறைவு. அன்றன்றைய உணவுப் பட்டியல் இணையத்திலேயே இருக்கும். சைவம், வீகன், மாடு, பன்றி என்று ஒவ்வோர் உணவுக்கும் குறியீடு இடப்பட்டிருப்பதால், மொழி தெரியாத முதல் மாதத்திலும் தட்டில் இருப்பது என்ன என்ற ஐயம் எழாது. சுவை நம் நாக்குக்குச் சற்று மென்மையானது; பாஸ்தாவும் உருளைக்கிழங்கும் திரும்பத் திரும்ப வரும்; 'கறி' என்று பெயர் போட்டு வருவதை நம் குழம்போடு ஒப்பிட வேண்டாம். ஆனால் பருப்பு வகைகளை அவர்கள் நன்றாகவே சமைக்கிறார்கள். பயறும் ஸ்பெட்ஸ்ல எனும் முட்டை மாவுத் துண்டுகளும் சேர்ந்த ஸ்வாபிய உணவு பட்டியலில் வரும் நாளில் கட்டாயம் உண்டு பாருங்கள், வழக்கமாக அதனுடன் வரும் சாசேஜை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பன்னிரண்டரை மணிக்கு வரிசை மிக நீளும். பன்னிரண்டுக்கு முன்போ ஒன்றேகாலுக்குப் பின்போ போனால் உட்கார இடமும் கிடைக்கும்.

அதன் குறை நேரம்தான். மென்சா முதன்மையாக வார நாட்களின் மதிய உணவுக்கானது. இரவுக்கும் வார இறுதிக்கும் அதை நம்பியிருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஊரில் மளிகைக் கடைகளும் மூடியிருக்கும் என்பதால், சனிக்கிழமை மாலைக்குள் அரிசி, பால், ரொட்டி எல்லாம் வாங்கிவிடாதவர் மறுநாள் முழுவதும் ரயில் நிலையத்துக் கடையின் விலைக்கு ஆளாவார். காய்கறிக்கு, சந்தைச் சதுக்கத்தில் திங்கள், புதன், வெள்ளிக் காலைகளில் கூடும் சந்தையை ஒரு முறையாவது பாருங்கள். பல்பொருள் அங்காடியைவிட மலிவு என்று சொல்லமாட்டேன், ஆனால் கீரையும் பச்சைக் காய்களும் அங்கேதான் புதிதாக இருக்கும்.

வெளியில் வாங்கி உண்பவர்கள் இந்த ஊருக்கே உரிய ஒரு செலவைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் டூபிங்கன் நகராட்சி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கோப்பைக்கும் தட்டுக்கும் 50 செண்ட், கரண்டி, உறிஞ்சுகுழல் போன்றவற்றுக்கு 20 செண்ட் என்று வரி விதித்து வருகிறது. வரியைக் கட்ட வேண்டியவர் கடைக்காரர். ஆனால் விலையில் அது நம்மிடம்தான் வந்து சேரும். இதை எதிர்த்து நடந்த வழக்கு கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் நகராட்சிக்குச் சாதகமாகவே முடிந்தது. நாள்தோறும் வெளியில் ஒரு காப்பி குடிப்பவருக்கு மாதக் கடைசியில் இது கண்ணுக்குத் தெரியும் தொகையாகிவிடும். பையில் ஒரு மூடியுள்ள எவர்சில்வர் டம்ளரும், மதியம் வாங்குபவராக இருந்தால் ஒரு டிபன் டப்பாவும் இருந்தால் இந்தச் செலவே இல்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரும் டப்பாவுக்கு இங்கே இப்படி ஒரு மதிப்பு இருப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது. தண்ணீர் புட்டிக்கும் செலவழிக்க வேண்டாம், குழாய்த் தண்ணீர் நேரடியாகக் குடிக்கக்கூடியது. புட்டியில் வாங்கினால், ஒருமுறைப் புட்டிக்கும் பானத் தகர டப்பாவுக்கும் 25 செண்ட் வைப்புத்தொகை உண்டு; அங்காடியின் இயந்திரத்தில் போட்டுச் சீட்டு வாங்கிப் பணத்தை மீட்டுக்கொள்ளலாம்.

பேருந்துச் சேவை நம்பகமானது. மேட்டு வளாகங்களுக்குக் காலையில் அடிக்கடி வண்டிகள் ஓடுகின்றன. வகுப்பு தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன் வரும் வண்டியில் நிற்கவே இடமிருக்காது என்பதால் அதற்கு முந்தைய வண்டியே நல்லது. பயணச்சீட்டு விஷயத்தில் வயதைக் கவனியுங்கள். நாடு முழுவதும் உள்ளூர், வட்டாரப் போக்குவரத்துக்குச் செல்லும் மாதச்சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025இல் 58, 2026இல் 63 யூரோ என்று ஏறியிருக்கிறது. இதையே இளைஞர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் தரும் மாநிலத் திட்டம் ஒன்று 2023 டிசம்பரில் தொடங்கியது. அதில் மாணவர்களுக்கான வரம்பு 27 வயது. சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு முதுகலைக்கு வரும் நம்மவர்கள் பலர் அந்த வரம்பைத் தாண்டியவர்களாக இருப்பார்கள். அவர்கள் நால்டோ வட்டாரப் போக்குவரத்துக் கூட்டமைப்பின் பருவச்சீட்டையும் நாடு தழுவிய சீட்டையும், தாம் ஊரைவிட்டு வெளியே எவ்வளவு போகிறோம் என்பதை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பள்ளத்தாக்கில் இருப்பவருக்குச் சைக்கிள் போதும். கோட்டைக் குன்றின் அடியிலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான சுரங்கவழி இருப்பதால் குன்றைச் சுற்றவோ ஏறவோ வேண்டாம். குளிர்காலத்தில் பனி உறையாதபடி சூடாக்கப்படும் சைக்கிள் பாலமும் இந்த ஊரில் இருக்கிறது. அந்தக் கோட்டையின் சமையலறையில் அமைந்த ஆய்வகத்தில்தான் 1869இல் பிரீட்ரிஹ் மீஷர் என்ற இளம் மருத்துவர், இன்று நாம் டிஎன்ஏ என்று அழைக்கும் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தார். உயிரியல் படிக்க வருகிறவர்கள் ஒரு மாலை மேலே ஏறிப் பார்த்துவிட்டு வரலாம். சைக்கிளுக்கு முன்பின் விளக்குகள் கட்டாயம். மாலை நான்கரைக்கே இருட்டிவிடும் டிசம்பரில் அது விதிக்காக மட்டும் அல்ல. பூட்டுக்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம்.

பகுதிநேர வேலை செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர்கள், 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்யலாம். இவ்வளவு சிறிய ஊரில் ஜெர்மன் பேசாமல் கிடைக்கும் வேலைகள் குறைவு. ஆய்வகங்களிலும் துறைகளிலும் கிடைக்கும் மாணவ உதவியாளர் வேலையையே முதலில் தேடுங்கள். அது பாடத்துக்கும் உதவும், பேராசிரியரின் அறிமுகத்துக்கும் உதவும். விடுதி வாடகையை வேலைக் காசில்தான் கட்ட வேண்டும் என்ற நிலையில் இங்கே வராமல் இருப்பது நல்லது.

தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் புதிதாகச் செலவழிக்காதீர்கள். பருவ முடிவில், குறிப்பாக மார்ச்சிலும் செப்டம்பரிலும், ஊரைவிட்டுப் போகிறவர்கள் மேசை விளக்கு, பாத்திரம், துணி உலர்த்தும் கொடி எல்லாவற்றையும் விற்கிறார்கள், அல்லது 'இலவசம்' என்று எழுதிய பெட்டியில் வீட்டு வாசலில் வைத்துவிடுகிறார்கள். நீங்கள் கிளம்பும்போதும் அதையே செய்யலாம். அறையை ஒப்படைக்கும் நாளை மட்டும் வேலைநாளின் காலையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; பொறுப்பாளரோடு சேர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்து, குறை எதுவும் இல்லை என்று ஒப்படைப்புப் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். படிவத்தின் நகல் கையில் இருக்க வேண்டும். முன்பணம் வந்து சேரும் வரை ஜெர்மன் வங்கிக் கணக்கை மூட வேண்டாம்.